ஏதென்ஸ் நகரின் அல்லங்காடி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், மதுரை மாநகரில் நாளங்காடி, அல்லங்காடி என இருவகை அங்காடிகள் இருந்தமையைக் காட்டுகிறார். பகலின் கடைவீதியில் காணும் கூட்டம் வேறு. இரவின் கடைவீதியில் காணும் கூட்டம் வேறு. பட்டினப்பாலையிலோ காவிரிப்பூம்பட்டினத்துக் கள் விற்கும் மனைகளின்மேல் கொடிகள் ஆடுகின்றன. ஓர் ஊரின் பெருமையைச் சொல்லவந்த புலவர்கள் அதன் மதிலையும் மாடத்தையும் மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. பொழுது சாய்ந்தபின் அவ்வூரார் எங்கே உண்டனர், எங்கே குடித்தனர் என்பதையும் சொன்னார்கள். ஊரின் இயல்பு இரவில் புலப்படும் என்பது அவர்கள் கண்ட உண்மை போலும்.

அந்தப் பழைய கண்கொண்டு இக்கால நகரம் ஒன்றைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். அது தமிழகத்து ஊர் அன்று. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிற்குக் கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக ஊர். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவ்வூரும் அதனோடு இணைந்த மாவட்டமும் சேர்ந்து 1,28,671 பேரைக் கொண்டவை. அங்குள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 40,000 மாணவர்க்கு மேல் பயில்கின்றனர். அம்மாணவரும் ஊராரும் இரவில் கூடும் உணவகங்களும் மதுக்கூடங்களும் நெருங்கி நிற்கும் சில தெருக்களே இங்குப் பேசுபொருள்.

மதுக்கூடத்தைப் பற்றி இலக்கிய மேடையில் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் நிலத்தில் அவ்வையம் இயல்பானதே. ஆயினும், அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், கள் சிறிதாயினும் பெரிதாயினும் அதனை அவன் பிறரோடு பகிர்ந்துண்ட பண்பே முதலில் நினைக்கப்படுகிறது. குடிப்பதன் தீமையை ஒருவர் நினைந்தார். கூடியிருந்து பகிர்வதன் நன்மையை மற்றொருவர் நினைந்தார். ஏதென்ஸ் நகரின் கதையில் இவ்விரண்டும் பிரிக்கவியலாதபடி பின்னிக் கிடக்கின்றன.

பெயரும் வளைவும்

ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1785ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றது. ஆயினும் 1801ஆம் ஆண்டில்தான் பாடம் தொடங்கியது. அவ்வாண்டில் ஜான் மில்லெட்ஜ் என்பவர் 633 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கிப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, கிரேக்க அறிஞர் வாழ்ந்த நகரின் பெயரை அவ்விடத்திற்குச் சூட்டினார். முதலில் கல்விக்கூடம், பிறகு அதைச் சுற்றி ஊர் என்பதே ஏதென்ஸ் வளர்ந்த முறை.

கிரேக்க ஏதென்சில் ‘சிம்போசியம்’ என்றொரு வழக்கம் இருந்தது. அச்சொல்லின் நேர்பொருள் கூடிக் குடித்தல் என்பதாகும். உணவுக்குப்பின் நீர் கலந்த திராட்சை மதுவை அருந்தியவாறே ஆடவர் உரையாடுவர். பிளேட்டோவின் உரையாடல் நூல் ஒன்று அப்பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் கருத்தரங்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதுவே. அறிவும் விருந்தும் ஒரே மேசையில் அமர்ந்திருந்த காலத்தின் தடம் அச்சொல்லில் எஞ்சியிருக்கிறது. அவ்விருந்தில் அமர எல்லார்க்கும் உரிமை இருக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. குடிமக்கள் வீட்டுப் பெண்டிர் அங்கு இடம்பெறவில்லை. அடிமைகள் மதுவை ஊற்ற வந்தனரேயன்றி அருந்த வரவில்லை. மேசையில் அமர்வோர் யார், பரிமாறுவோர் யார் என்னும் இக்கேள்வி கிரேக்கத்து ஏதென்ஸிலிருந்து ஜார்ஜியாவின் ஏதென்ஸ் வரையிலும் தொடர்ந்து வந்திருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் வடவாயிலில் வார்ப்பிரும்பாலான வளைவு ஒன்று நிற்கிறது. பட்டம் பெறுமுன் அதனடியில் நுழைதல் ஆகாது என்பது மாணவரிடையே வழங்கும் மரபு. வளைவிற்கு நேர் எதிரே பிராட் தெரு. அதைக் கடந்தால் காலேஜ் அவென்யூ, கிளேட்டன் தெரு, வாஷிங்டன் தெரு, லம்ப்கின் தெரு என நகரின் நடுப்பகுதி விரிகிறது. வகுப்பறைக்கும் கடைவீதிக்கும் இடையே ஒரு சாலையின் அகலமே உள்ளது. தொலைவில் தனியாக வளாகம் அமைத்துக்கொண்ட பல்கலைக்கழகங்களுக்கு வாய்க்காத நெருக்கம் இது. இவ்வூரின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இந்நெருக்கமே அடிப்படை.

யாருக்கு இருக்கை?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அக்கடைவீதி ஒன்றாக இருக்கவில்லை, இரண்டாகப் பிளந்திருந்தது. நிறவேற்றுமைச் சட்டங்கள் நிலவிய காலம் அது. வாஷிங்டன் தெருவும் ஹல் தெருவும் சந்திக்கும் மூலையைச் சுற்றிக் கறுப்பின மக்களின் கடைகளும் உணவகங்களும் முடிதிருத்தகங்களும் அமைந்தன. அவ்விடத்தை ‘ஹாட் கார்னர்’ என அழைத்தனர். 1910ஆம் ஆண்டில் அங்கு மன்ரோ மார்ட்டன் என்னும் கறுப்பினத் தொழிலதிபர் நான்கடுக்குக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதனுள் நாடக அரங்கும் அமைத்தார். மருத்துவர், பல்மருத்துவர், மருந்துக்கடைக்காரர் ஆகியோர் அக்கட்டடத்தில் தொழில் நடத்தினர். பின்னாளில் மூடிக்கிடந்த அவ்வரங்கு புதுப்பிக்கப்பெற்று 1993ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. வெள்ளையர் உணவகத்தில் இருக்கை மறுக்கப்பெற்ற மக்கள் தமக்கென ஒரு நகர நடுவத்தையே கட்டிக்கொண்டனர் என்பதற்கு அக்கட்டடம் சான்று.

1961ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சார்லெய்ன் ஹன்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்னும் கறுப்பின மாணவர் இருவர் நீதிமன்ற ஆணையின் துணையுடன் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தனர். ஹன்டர் தங்கிய விடுதியின் முன் வன்கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. ஹோம்ஸ் விடுதியில் தங்காமல் ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தோடு தங்கிப் படித்தார். வகுப்பறையில் இடம் கிடைத்தபின்னும் கடைவீதி உணவகத்தில் இடம் கிடைத்துவிடவில்லை. அதற்கு 1964ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் நிறம் நோக்கி எவரையும் விலக்குதல் ஆகாது என அச்சட்டம் விதித்தது. அட்லாண்டாவில் உணவகம் நடத்திய லெஸ்டர் மாடக்ஸ் என்பவர், கறுப்பின மக்களுக்குப் பரிமாறுவதினும் கடையை மூடுவதே மேல் என்று மூடினார். அவரே 1967ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் ஆளுநரும் ஆனார். ஒரு தட்டு உணவும் ஓர் இருக்கையும் அந்நாட்டில் எத்துணைப் பெரிய அரசியலாக இருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒழிந்த கடைகளும் ஒற்றை விளக்கும்

எழுபதுகளின் பிற்பகுதியில் ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்ததை உலகம் இசையின் வழியே அறியும். அதன் தொடக்கம் ஓர் உணவகத்தில் அமைந்தது. 1976ஆம் ஆண்டில் நண்பர் ஐவர் அவ்வூரில் ஒரு சீன உணவகத்திற்குச் சென்றனர். நடுவே தீச்சுடர் எரியும் பெரிய கிண்ணத்து மது ஒன்றை வாங்கி ஐவரும் பகிர்ந்து அருந்தினர். பின்பு ஒருவர் வீட்டிற்குச் சென்று விளையாட்டாக இசைக்கத் தொடங்கினர். ‘தி பி-52ஸ்’ என்னும் இசைக்குழு பிறந்த கதை இதுவே. 1977ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஒரு வீட்டு விருந்தில் அவர்களது முதல் நிகழ்ச்சி நடைபெற்றது.

அதனைத் தொடர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற மாணவர் சிலர் 1979ஆம் ஆண்டில் ‘பைலான்’ என்னும் குழுவை அமைத்தனர். அக்குழுவின் முரசறைவோரான கர்ட்டிஸ் குரோ, காலேஜ் அவென்யூவில் ஒரு கட்டடத்தின் மாடியில் தாம் குடியிருந்த இடத்தில் நண்பர்களைக் கூட்டி விருந்து நடத்தினார். அங்கே தொங்கிய ஒற்றை விளக்கின் ஆற்றல் 40 வாட். ‘ஃபார்ட்டி வாட் கிளப்’ என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற இசைக்கூடத்தின் பெயர் அவ்விளக்கிலிருந்தே வந்தது. அது பலமுறை இடம் மாறி வாஷிங்டன் தெருவில் நிலைகொண்டது. கடைவீதியில் இருந்த ‘உக்ஸ்ட்ரி’ என்னும் இசைத்தட்டுக் கடையில் பணியாற்றிய பீட்டர் பக் என்பவரும், அங்கு இசைத்தட்டு வாங்க வந்த மைக்கேல் ஸ்டைப் என்னும் ஓவிய மாணவரும் நண்பராயினர். அவர்களோடு மேலும் இருவர் சேர, 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் ‘ஆர்.ஈ.எம்.’ என்னும் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. 2011ஆம் ஆண்டில் கலையும் வரை அக்குழு உலகெங்கும் கேட்போரைக் கொண்டிருந்தது.

ஒரு சிற்றூரில் இத்தனையும் ஒருசேர நிகழ்ந்தது எவ்வாறு? மாணவரின் திறமையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. திறமையுள்ள மாணவர் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உள்ளனர். அவர்கள் கூடுவதற்கு மலிவான இடம் கிடைத்தது என்பதே ஏதென்ஸின் தனிச்சிறப்பு. 1981ஆம் ஆண்டில் நகரின் மேற்கே ‘ஜார்ஜியா ஸ்கொயர்’ என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. கார் நிறுத்தப் பரந்த இடமும் குளிரூட்டிய கூடமும் அங்கே இருந்தன. துணிக்கடைகளும் பொருட்கடைகளும் கடைவீதியை விட்டு அங்குப் பெயர்ந்தன, வாங்குவோரும் பின்சென்றனர். நடுப்பகுதியின் பழைய கட்டடங்கள் ஒழிந்து கிடந்தன. வணிகர்க்கு வேண்டாத அவ்விடங்கள் குறைந்த வாடகைக்கு இளைஞர் கைக்கு வந்தன. கடை இருந்த இடத்தில் உணவகம் வந்தது. கிடங்கு இருந்த இடத்தில் மேடை வந்தது. 1987ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃப்ளாக்போல்’ என்னும் இதழும் இவ்விடங்களின் நிகழ்ச்சிகளைச் சொல்லி, இவற்றின் விளம்பரங்களால் வளர்ந்தது. நாளங்காடி நலிந்தபோது அதன் இருக்கைகளில் அல்லங்காடி வந்து அமர்ந்தது எனலாம்.

காலம் செய்யும் விந்தை ஒன்றையும் இங்கே குறிக்கவேண்டும். கடைவீதியை வெறுமையாக்கிய அப்பேரங்காடியே பிற்காலத்தில் கடைகளை இழந்து வெறிச்சோடியது. 2020களில் அதனை இடித்துக் குடியிருப்பாக மாற்றும் திட்டம் எழுந்தது. அது வெறுமையாக்கிய தெருக்களோ இரவுதோறும் நெரிகின்றன.

வயதுக் கோடு

இக்கதையில் சட்டத்திற்கும் ஒரு பங்கு உண்டு. ஜார்ஜியா மாநிலம் 1972ஆம் ஆண்டில் மது அருந்தும் வயதை 18 எனக் குறைத்தது. 1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதனை 19 ஆகவும், 1985இல் 20 ஆகவும், 1986இல் 21 ஆகவும் உயர்த்தியது. கடைசி இரு மாற்றங்களும் மாநிலத்தின் விருப்பம் மட்டும் அல்ல. வயதை 21 ஆக்காத மாநிலத்தின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படும் என 1984ஆம் ஆண்டில் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. மது வயதைத் தீர்மானிக்கும் உரிமை மாநிலங்களுடையது. சாலைக்குப் பணம் தருவது நடுவண் அரசு. பணத்தின் வழியே உரிமை வளைக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

மேலே கூறிய இசைக்குழுக்கள் பிறந்த ஆண்டுகளை இவ்வாண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். 1976 முதல் 1980 வரை, முதலாண்டு மாணவரும் முதிய பேராசிரியரும் கடைத்தொழிலாளியும் ஒரே கூடத்தில் ஒரே மேசையில் சட்டப்படி அமரலாம். முதல் நிகழ்ச்சியின்போது மைக்கேல் ஸ்டைப்பின் வயது 20. பத்தாண்டு கழித்து அவர் பிறந்திருந்தால், தாம் பாடும் கூடத்தில் ஒரு கோப்பை பீர் வாங்கவும் அவருக்கு உரிமை இருந்திருக்காது.

சட்டம் நன்மை செய்யவில்லை எனல் ஆகாது. இளையோர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாளும் கொடுமை அதனால் குறைந்தது என்பதை ஆய்வுகள் பலவும் ஒப்புகின்றன. உயிரைக் காத்த சட்டத்தை எளிதில் பழித்தல் அறிவுடைமை ஆகாது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 21 வயது நிரம்பாதோர் குடிப்பதை நிறுத்திவிடவில்லை. ஒளி நிறைந்த கூடத்திலிருந்து ஒளிவான அறைக்கு அவர்கள் சென்றனர். கூடத்தில் மூத்தோர் கண் இருந்தது. அறையில் அது இல்லை. மெல்ல அருந்திப் பேசும் பழக்கம் போய், வெளியே புறப்படுமுன் விரைந்து குடித்துத் தீர்க்கும் பழக்கம் பல்கலைக்கழகங்கள்தோறும் பரவியது. இதனை எண்ணியே 2008ஆம் ஆண்டில், மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் முன்னின்று, கல்லூரித் தலைவர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் இவ்வயதுச் சட்டத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்துமாறு கையொப்பமிட்டனர். சட்டம் மாறவில்லை. ஏதென்ஸின் இசைக்கூடங்களோ இடைவழி ஒன்றைக் கண்டன. 18 வயதினரை உள்ளே விட்டன. ஆனால் அவர்கள் கையில் மையால் குறியிட்டு, மதுவை மட்டும் மறுத்தன. பாட்டு உண்டு, குவளை இல்லை என்னும் அவ்வேற்பாட்டினால்தான் இளைய மாணவர்க்கு மேடையோடு உள்ள தொடர்பு அறுபடாமல் இருக்கிறது.

அடுப்பும் கூலியும்

மதுக்கூடத்தின் பேரொலியில் அடுப்பின் ஓசை மறைந்துவிடுவது உண்டு. கடைவீதியின் கிழக்கோரத்தில், பிராட் தெருவில் டெக்ஸ்டர் வீவர் என்னும் கறுப்பினச் சமையல் வல்லுநர் 1986ஆம் ஆண்டில் ‘வீவர் டீஸ்’ என்னும் சிறு உணவகத்தைத் தொடங்கினார். பொரித்த கோழி, அவித்த கீரை, சோள ரொட்டி முதலிய தென்னாட்டுக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையலே அங்கு உணவு. எதைக் கேட்டாலும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விடையிறுப்பது அவர் வழக்கம். உடனே கிடைக்கும், தட்டாமல் கிடைக்கும் என்பது அதன் கருத்து. ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ என்பது அக்கடையின் முழக்கம். ஆர்.ஈ.எம். குழுவினர் அதனைக் கேட்டு விரும்பி, அவரது ஒப்புதலுடன் 1992ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இசைத்தொகுப்புக்கு அதையே பெயராக வைத்தனர். சமையற்காரரின் சொல் உலகின் செவியை எட்டியது. 2007ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை, அமெரிக்காவின் மரபுச் சிறப்புடைய உணவகங்களுக்கு வழங்கும் விருதை அக்கடைக்கு அளித்தது. மூன்று தலைமுறைக்கு முன் நிறத்தால் பிளந்திருந்த ஊரில், வெள்ளையின இளைஞர் கறுப்பினச் சமையற்காரரின் மேசையில் அமர்ந்து உண்டு, அவர் மொழியையே தம் படைப்பின் நெற்றியில் எழுதிக்கொண்டனர். கடைவீதி செய்யவல்ல நற்பணி இதனினும் வேறு யாது?

உணவு பரிமாறுவோர் நிலையையும் காணவேண்டும். ஏதென்ஸின் இசைக்கலைஞர் பலர் பகலில் தட்டுக் கழுவினர், மாலையில் பரிமாறினர், இரவில் பாடினர். மாணவர் பலரும் அவ்வாறே கல்விச் செலவுக்கு வழிதேடினர். ‘டிப்ஸ்’ பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க நடுவண் சட்டப்படி 1991ஆம் ஆண்டு முதல் மணிக்கு 2.13 டாலர். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அத்தொகை உயரவில்லை. உண்போர் தரும் காசையும் சேர்த்துப் பொதுவான குறைந்தபட்சக் கூலியை எட்டாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. ஆக, பரிமாறுவோர் வருவாய் பெரும்பாலும் உண்போர் கையில் உள்ளது. பல்கலைக்கழகம் கோடை விடுமுறைக்கு மூடினால் மேசைகள் வெறுமையாகும். அவர்கள் பையும் வெறுமையாகும். 90,000 பேருக்கு மேல் அமரும் காற்பந்தாட்ட அரங்கு கடைவீதிக்கு நடக்கும் தொலைவில் உள்ளது. இலையுதிர்காலத்து ஆட்ட நாள்களில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அச்சில சனிக்கிழமைகளின் வருவாயே பல கடைகளை ஆண்டு முழுதும் தாங்குகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் கடைகள் மூடப்பட்டபோது இவ்வாழ்வின் நொய்ம்மை வெளிப்பட்டது.

இரவு வாழ்வு சிலரிடம் பெறும் விலை காசால் அளக்கவியலாதது. மனச்சோர்வுக்கு ஆளாகி 1996ஆம் ஆண்டில் உயிர்நீத்த ஓர் இளம் இசைக்கலைஞரின் தாயார், 2000ஆம் ஆண்டில் ‘நூச்சீஸ் ஸ்பேஸ்’ என்னும் நிலையத்தை அங்குத் தொடங்கினார். இசைக்கலைஞர் பயிற்சி செய்ய அறை, குறைந்த செலவில் உளநல மருத்துவம் ஆகியவற்றுக்கு அந்நிலையம் வழிசெய்கிறது. ஆர்.ஈ.எம். முதன்முதல் பாடிய தேவாலயத்தின் எஞ்சிய கோபுரத்திற்கு அருகிலேயே அது அமைந்துள்ளது. கொண்டாட்டம் தொடங்கிய இடத்தின் பக்கத்திலேயே கொண்டாட்டத்தால் களைத்தோர்க்கு ஒரு திண்ணையும் அமைந்தது.

மேசை சுருங்கும் வழிகள்

ஒழிந்த கடைகளை நிரப்பிய அல்லங்காடி, தன் வெற்றியாலேயே இன்று நெருக்குண்டு நிற்கிறது. மதுவில் கிடைக்கும் இலாபம் சோற்றில் கிடைப்பதில்லை. சமைப்பதற்கு ஆள் வேண்டும், காய் அழுகும், இறைச்சி கெடும். புட்டியில் உள்ள மது காத்திருக்கும். ஆகவே வாடகை ஏற ஏற, அதனைத் தாங்கவல்லது மதுக்கூடமே என்னும் நிலை உண்டாகிறது. உணவகம் ஒன்று மூடினால் அவ்விடத்தில் மதுக்கூடம் வருகிறது. வாரத்தில் மூன்று இரவுகள் மட்டும் நிரம்பும் மதுக்கூடங்கள் தெருவில் பெருகினால், பகலில் அத்தெருவில் நடப்போர் குறைகின்றனர். நண்பகலில் சோறு, மாலையில் காப்பி, இரவில் பாட்டு என முழுநாளும் இயங்கிய தெரு நள்ளிரவுக்கு மட்டுமே விழிக்கும் தெருவாகிறது.

இரண்டாம் நெருக்கடி மனை விலை. 2011ஆம் ஆண்டளவில் கடைவீதியின் ஓரத்தில் பெருங்கடை ஒன்றை உள்ளடக்கிய வணிக வளாகம் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, உள்ளூர் இசைக்கலைஞர்கள் கூடி எதிர்ப்புப் பாடல் ஒன்றைப் பதிவு செய்தனர். அப்பெருங்கடை வரவில்லை. ஆயினும் வசதிமிக்க மாணவர் குடியிருப்புகள் நடுப்பகுதியைச் சூழ எழுந்தன. மாடியில் குடியிருந்துகொண்டே விருந்து நடத்தி ஓர் இசைக்கூடத்தைத் தொடங்குவது கர்ட்டிஸ் குரோவுக்கு இயன்றது. இன்றைய வாடகையில் அவரைப் போன்ற மாணவர்க்கு அது எளிதன்று.

மூன்றாவது, பழைய நோயின் மறுதோற்றம். சட்டம் நிறவேற்றுமையை ஒழித்து ஐம்பதாண்டு சென்றபின்னும், 2010களில், நடுப்பகுதியின் மதுக்கூடங்கள் சில கறுப்பின மாணவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புவதாக முறையீடுகள் எழுந்தன. உடை பொருந்தவில்லை என்றோ, தனி விருந்து நடக்கிறது என்றோ காரணம் சொல்லப்பட்டதாம். மாணவரும் ஊராரும் திரண்டு கிளர்ந்தனர். நகர மன்றமும் மது உரிமம் பெறுவோர் பாகுபாடு காட்டலாகாது என விதிகளை வகுக்க நேர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒருமுறை வென்று வைத்துவிட்ட போர் அன்று. தலைமுறைதோறும் வாயிலில் நின்று காக்கவேண்டிய உரிமை என்பதை அக்கிளர்ச்சி உணர்த்தியது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2009ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் லம்ப்கின் தெருவில் உள்ள ‘ஜார்ஜியா தியேட்டர்’ என்னும் பழைய அரங்கு தீக்கிரையாயிற்று. ஊரார் பொருள் திரட்ட, இரண்டே ஆண்டில், 2011ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அது மீண்டும் திறந்தது. 2014ஆம் ஆண்டில் ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’ என்னும் பீர் ஆலை, நடுப்பகுதியில் பழைய டயர்க் கடை ஒன்றின் கட்டடத்தில் தொடங்கியது. ஆலையில் வடிக்கும் பீரை அங்கேயே நேரடியாக விற்க அக்காலத்து ஜார்ஜியச் சட்டம் இடந்தரவில்லை. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அத்தடை நீங்கியது. நீண்ட மேசைகளும் பகல் வெளிச்சமும் உள்ள அத்தகைய கூடங்களுக்கு மூத்தோரும் குழந்தையோடு வரும் குடும்பத்தாரும் வருகின்றனர். நள்ளிரவில் நின்றுகொண்டே குடித்துத் தள்ளாடும் கூடத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. விற்கும் பொருள் ஒன்றே ஆயினும், இருக்கையும் ஒளியும் உணவும் அருகில் அமர்வோரும் குடியின் தன்மையையே மாற்றிவிடுகின்றனர்.

நிறைவாக

ஏதென்ஸ் நகரின் நாற்பத்தைந்தாண்டு வரலாறு ஒரு செய்தியை உணர்த்துகிறது. பல்கலைக்கழக ஊரின் கடைவீதி, கல்விக்கு இடையூறாக எதிரே அமைந்துவிட்ட பொல்லாத இடம் அன்று. அது கல்வியின் மறுபாதி. வகுப்பறையில் ஒரே வயதினர், ஒரே பாடத்தைக் கேட்கின்றனர். கடைவீதி மேசையில் ஓவியம் கற்பவரும் உயிரியல் கற்பவரும், இருபது வயதினரும் அறுபது வயதினரும், ஊராரும் வந்தேறியும் எதிரெதிர் அமர்கின்றனர். ஓர் ஓவிய மாணவர் பாடகராகவும், ஒரு சமையற்காரரின் சொல் இசைத்தொகுப்பின் பெயராகவும் மாறியது அங்கேதான்.

அம்மேசையைக் காப்பதற்கு மதுவைப் போற்றவும் வேண்டுவதில்லை. வெறுத்து ஒதுக்கவும் வேண்டுவதில்லை. ஏழை மாணவரும் தாங்கும் வாடகை வேண்டும். வாயிலில் நிறம் பாராத நேர்மை வேண்டும். பரிமாறும் கைக்கு உரிய கூலி வேண்டும். குடியாதவரும் இளையவரும் கூச்சமின்றி அமரத்தக்க இடம் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மேசை சுருங்கும். மேசை சுருங்கினால் கூட்டம் இருக்கும், பேச்சு இராது. பேச்சு இல்லாத இடத்தில் எஞ்சுவது வள்ளுவர் வெறுத்த கள் ஒன்றே. ஔவையார் அதியமானிடம் கண்ட பகிர்வு அங்கே இராது.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிவரும் ஓர் இலக்கிய வட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கட்டுரை படித்து முடிந்து, நன்றியுரை கூறி, விளக்கை அணைத்தபின், தெருமுனைத் தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து தொடரும் பேச்சிலேதான் அடுத்த கட்டுரை முளைவிடுகிறது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். அந்தப் பலகையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே இனிவரும் பத்தாண்டுகளுக்கான பணி.